மாங்கொட்டை காத்திருக்காது

எங்கள் வீட்டில் விதை என்றால் அது காய வேண்டும். புடலை, பீர்க்கு, பாகல் விதைகளை அம்மா சாம்பலில் புரட்டி, முறத்தில் பரப்பி, மூன்று வெயில் காட்டி, துணியில் முடிந்து அடுப்படியில் தொங்கவிடுவாள். ஆடி பிறந்ததும் முடிச்சு அவிழும். அதையே பார்த்து வளர்ந்த நான், ஒரு வைகாசியில் சேலத்திலிருந்து வந்த மல்கோவாவின் ருசியில் சொக்கிப்போய், அதன் கொட்டைகள் ஏழெட்டை நார் போகத் தேய்த்துக் கழுவி, மாடி வெயிலில் ஒரு வாரம் காயப் போட்டு, காகிதத்தில் சுற்றிப் பத்திரப்படுத்தினேன். ஆடியில் ஊன்றினேன். ஆவணி போயிற்று, புரட்டாசி மழையும் பெய்தது, ஒன்றுகூட முளைக்கவில்லை. தோண்டி எடுத்து உடைத்துப் பார்த்தேன். உள்ளே பருப்பு சுருங்கிக் கறுத்து, காய்ந்த சுள்ளியைப் போலக் கிடந்தது. மாடியில் காயப் போட்ட அந்த வாரத்திலேயே அத்தனையும் செத்துவிட்டன என்பது பிறகுதான் புரிந்தது.

இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விதையியல் அறிஞர் ஈ.ஹெச். ராபர்ட்ஸ், 1973-இல் உலகின் விதைகளை இரண்டாகப் பிரித்தார். காய வைத்தால் நீண்ட நாள் உயிரோடு இருப்பவை ஒரு வகை. நெல், உளுந்து, கத்தரி, புடலை எல்லாம் இதில் அடக்கம். காய வைத்தால் செத்துப்போகிறவை இன்னொரு வகை. மா, பலா, வெண்ணெய்ப்பழம், மங்குஸ்தான், ரம்புத்தான் என்று நாம் ஆசையோடு கொட்டையை எடுத்து வைக்கும் பழங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. இவற்றுக்கு ராபர்ட்ஸ் வைத்த பெயரின் பொருள் ‘சொன்ன பேச்சுக் கேட்காதவை’. கிடங்கில் வைத்துப் பார்க்கும் மனிதனின் கோணத்தில் வைத்த பெயர் அது. மரத்தின் கோணத்தில் பார்த்தால் அவை தங்கள் மண்ணின் பேச்சைச் சரியாகவே கேட்கின்றன.

உளுந்துச் செடியைப் பாருங்கள். காய் முற்றும்போது விதைக்குள் போகும் நீரைச் செடி நிறுத்திவிடுகிறது. விதையின் உயிரணுக்களில் சர்க்கரைகளும் சில தனிப் புரதங்களும் சேர்கின்றன. நீர் வெளியேற வெளியேற அந்தச் சர்க்கரைக் கரைசல் இறுகி, கற்கண்டு படிகமாகாமல் கண்ணாடிபோல் உறைந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஆகிறது. உயிரணுவின் மெல்லிய சவ்வுகள் அந்தக் கண்ணாடிக்குள் அசையாமல், கிழியாமல் நிற்கின்றன. மூச்சு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வேண்டிய ஈரம் கிடைக்கும்வரை விதை தூங்கும். இஸ்ரேலின் மசாடா மலைக்கோட்டையில் அகழ்ந்தெடுத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான பேரீச்சங்கொட்டை ஒன்றை 2005-இல் ஊன்றினார்கள். அது முளைத்தது, இன்று மரமாக நிற்கிறது. பாலைவனத்து மரத்துக்கு அந்தத் தூக்கம் தேவை.

மாமரத்துக்குத் தேவையில்லை. பழம் உதிரும் நாளும் பருவமழை மண்ணை நனைக்கும் நாளும் அதற்கு அடுத்தடுத்து வருபவை. விழுந்த இடத்தில் ஈரம் இருக்கும், வெதுவெதுப்பு இருக்கும். எதற்காகத் தூங்க வேண்டும்? அதனால் மாங்கொட்டையின் கரு வளர்ச்சியை நிறுத்துவதே இல்லை. பழத்துக்குள் இருக்கும்போதே முளைக்கும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். அந்த நீரில்தான் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது வற்றினால் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிகின்றன, கரு மடிகிறது. நன்றாகக் கனிந்த பலாவை இரண்டு நாள் கூடுதலாக வைத்துவிட்டு அறுத்தவர்கள் இதைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். சுளைக்குள் கொட்டை வெள்ளையாக வேர் நீட்டிக்கொண்டிருக்கும்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமே என்று தோன்றும். வெப்பமண்டலத் திசுக்களுக்குக் குளிரே காயம். உறைய வைத்தாலோ உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டி ஊசிகளாகி அணுக்களைக் குத்திக் கிழித்துவிடும். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-இல் திறந்த உலக விதைப் பெட்டகத்தில், மைனஸ் 18 டிகிரிக் குளிரில் நெல்லும் கோதுமையும் இலட்சக்கணக்கில் உறங்குகின்றன. நம் மாவுக்கும் பலாவுக்கும் அங்கே இடமில்லை. அவற்றைப் பெரும்பாலும் மரமாகவே நட்டு வளர்த்துத்தான் காக்கிறார்கள். லக்னோ அருகே ரெஹ்மான்கேராவில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனத்தில் நூற்றுக்கணக்கான மா வகைகள் அப்படித்தான், மரமாக, வெயிலும் மழையும் பட்டு நிற்கின்றன. ஊர்ப்புறத்தில் ஒரு பழைய நாட்டு மாமரத்தை வெட்டும்போது எனக்கு நெஞ்சு பதறுவது இதனால்தான். அதன் விதை எந்தப் பெட்டகத்திலும் இல்லை.

ஆகவே பழம் தின்ற கை காயும் முன்பே கொட்டையைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கே முடியாவிட்டால் ஈரமான தென்னை நார்க்கழிவில் பொதிந்து நிழலில் வைத்தால் சில நாள் தாங்கும். நார் போகக் கழுவியபின், மேல் ஓட்டின் ஈரம் மட்டும் உலர ஒரு நாள் நிழலில் விடலாம், வழுக்காமல் பிடிக்க வரும். பிறகு கொட்டையின் மெல்லிய விளிம்பில் செடி வெட்டும் கத்தரியின் நுனியை நுழைத்துச் சற்றுத் திருகினால் ஓடு சிப்பிபோல் வாய் பிளக்கும். உள்ளே மெல்லிய பழுப்புத் தோல் போர்த்தி, சிறுநீரக வடிவில் பருப்பு இருக்கும். ஓட்டை நீக்காமலும் முளைக்கும். நீக்கினால் விரைந்து முளைக்கும், பருப்பு நல்லதா என்றும் தெரிந்துவிடும்.

சில சமயம் உள்ளே பருப்புக்குப் பதிலாகக் கரும்பழுப்புத் தூளும், அதன் நடுவே விரல் நகம் அளவு ஒரு வண்டும் இருக்கும். நீலம் மாம்பழத்தில் இதை அடிக்கடி பார்க்கலாம். பழத்தின் மேல் ஒரு துளை கிடையாது, சதையில் ஒரு கீறல் கிடையாது. இது எப்படி உள்ளே போனது என்று சிறுவயதில் நாங்கள் வியந்ததுண்டு. மாங்காய் பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு தோலில் முட்டையிடுகிறது. பொரிந்த புழு, இன்னும் கெட்டிப்படாத சதையையும் கொட்டையையும் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. காய் பெருக்கப் பெருக்க அந்த வழி மூடித் தழும்பே இல்லாமல் ஆறிவிடுகிறது. கொட்டைக்குள் புழு பருப்பைத் தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டாகிக் காத்திருக்கிறது. அப்படிப்பட்ட கொட்டையைத் தோட்டத்தில் வீசாமல் அழித்துவிடுவதே நல்லது. அடுத்த ஆண்டுக் காய்களைத் தேடிப் போகப்போவது அந்த வண்டுதான்.

நல்ல பருப்பை, அதன் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினால் போதும். செம்மண்ணும் மணலும் மட்கிய தொழு உரமும் கலந்த, நீர் தேங்காத மண் வேண்டும். தேங்கினால் நாற்றழுகல் வந்து தண்டு மண்மட்டத்தில் நைந்து சாயும். முளைக்காமல் போவதைவிட, முளைத்த பிறகு தண்ணீர் அதிகமாகிச் சாகும் கன்றுகளே வீடுகளில் அதிகம். தொட்டி ஆழமாக இருக்கட்டும். மாவும் பலாவும் இலை விடுவதற்கு முன்பே ஆணிவேரைக் கீழே இறக்கிவிடும் பிள்ளைகள். பலாவை முடிந்தால் நிலைத்து நிற்கப்போகும் குழியிலேயே ஊன்றிவிட வேண்டும். அதன் வேரைப் பெயர்த்தால் அது எளிதில் மன்னிக்காது.

இரண்டு மூன்று வாரத்தில் மண்ணை முட்டிக்கொண்டு ஒரு தண்டு எழும். அதன் முதல் இலைகளைப் பார்ப்பதற்காகவே ஒரு கொட்டையை ஊன்றலாம் என்பேன். பச்சையாக வருவதில்லை. செம்பு நிறத்தில், நனைந்த பட்டுத் துணிபோலத் துவண்டு தொங்கும். நீர் போதவில்லை என்று பதறி ஊற்ற வேண்டாம். இளம் இலையில் பச்சையம் இன்னும் நிரம்பவில்லை. செந்நிறம் தருவது ஆந்தோசயனின் என்னும் நிறமி. கடும் வெயிலின் ஒளி இளந்திசுவைச் சுட்டுவிடாமல் அது காக்கிறது என்கிறார்கள். பூச்சிகள் மிகுதியாகக் கடிக்கும் பருவத்தில், கடிபட்டு வீணாகக்கூடிய இலையில் விலைமதிப்பான பச்சையத்தைக் கொட்டாமல், இலை கெட்டிப்பட்ட பிறகே நிரப்புவது மரத்துக்குச் சிக்கனம் என்ற விளக்கமும் உண்டு. எப்படியானாலும், சில நாளில் அந்தச் சிவப்பு மங்கி, இலை விறைத்து நிமிர்ந்து, பச்சையாகிவிடும்.

இனிமேல்தான் எல்லோரும் கேட்கும் கேள்வி. மல்கோவாக் கொட்டை போட்டால் மல்கோவா காய்க்குமா?

காய்க்காது. காய்ப்பது மல்கோவாவின் பிள்ளை. பழத்தின் சதை முழுக்கத் தாய் மரத்தின் உடம்பு, கொட்டைக்குள் இருக்கும் கருவுக்கோ தகப்பன் உண்டு. ஈக்கள் எந்த மரத்து மகரந்தத்தைச் சுமந்து வந்தனவோ அந்த மரம். பக்கத்துத் தோட்டத்துக் கிளிமூக்காக இருக்கலாம், சாலையோரப் புளிமாவாக இருக்கலாம். ஒரே தாய்தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகளே ஒன்றுபோல் இருப்பதில்லை. தில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில், நம் தெற்கத்தி நீலத்தைத் தாயாகவும் வடக்கத்தி தசேரியைத் தகப்பனாகவும் வைத்துச் சேர்த்ததில் பிறந்தது மல்லிகா. தாயையும் தகப்பனையும் மாற்றி வைத்துச் சேர்த்ததில் பிறந்தது ஆம்ரபாலி. மல்லிகாவின் பழம் பெரியது. ஆம்ரபாலியின் பழம் சிறியது, மரமும் குட்டை. இரண்டுக்கும் பெற்றோர் அதே இருவர்தான்.

கொட்டையில் முளைத்த கன்றுகளில் பெரும்பாலானவை நார் மிகுந்தோ புளித்தோதான் காய்க்கும். இதைச் சொல்லாமல் ஆசை காட்டுவது தவறு. ஆனால் நாம் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் மாம்பழங்களில் மிகப் பல, எப்போதோ யாரோ ஊன்றிய, அல்லது ஊன்றாமல் எறிந்த, ஒரு கொட்டையில் தற்செயலாக வந்தவையே. அதற்கு நான் அறிந்த மிக நல்ல சான்று, மல்கோவாவின் பெயரோடு கடல் கடந்து நிற்கிறது.

1889-இல் அமெரிக்க வேளாண் துறை, இந்தியாவிலிருந்து ஒட்டு மாங்கன்றுகளை ஃபுளோரிடாவுக்கு வரவழைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த கடுங்குளிரில் மற்றவை பட்டுப்போக, லேக் வொர்த் ஏரிக்கரைத் தோட்டம் ஒன்றில் ஒன்று பிழைத்தது. அதை அவர்கள் ‘முல்கோபா’ என்று அழைத்தார்கள். 1898-இல் அது காய்த்தபோது, நாரும் டர்பன்டைன் நெடியும் உள்ள மாம்பழத்தையே அறிந்திருந்த அவ்வூரார் அசந்துபோனார்கள். அந்த மரத்தின் கொட்டைகளை வாங்கி, 1902-இல் தன் கோக்கனட் குரோவ் வீட்டில் ஊன்றினார் ஓய்வுபெற்ற படை அதிகாரி கேப்டன் ஜான் ஹேடன். மறு ஆண்டே அவர் இறந்துவிட்டார். கன்றுகளை அவர் மனைவி ஃபுளோரன்ஸ் வளர்த்தார். 1910-இல் அவற்றுள் ஒன்று காய்த்தது. தாயைப் போல மஞ்சளும் பச்சையுமாக இல்லாமல், கன்னம் சிவந்த பெரிய பழம். ‘ஹேடன்’ என்று பெயர் பெற்றது. பின்னாளில் டி.என்.ஏ.வைச் சோதித்தபோது, அதன் தகப்பன் அவ்வூரின் அதே நார் மாம்பழமான ‘டர்பன்டைன்’ என்று தெரிந்தது. யாரும் மதிக்காத மரம். ஹேடனின் கொட்டையிலிருந்து வந்த ‘டாமி அட்கின்ஸ்’ என்னும் சிவப்பு மாம்பழம் அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளில் நெடுங்காலம் மிகுதியாக விற்றது. இதே கதை வெண்ணெய்ப்பழத்துக்கும் உண்டு. உலகச் சந்தையை ஆளும் ‘ஹாஸ்’ வகை, கலிஃபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் 1920-களில் ஊன்றிய ஒரு கொட்டையில் பிறந்தது.

தாயை அப்படியே உரித்து வைத்தாற்போல் கன்று தரும் மாங்கொட்டைகளும் உண்டு, அதுதான் வியப்பு. கேரளத்துச் சந்திரக்காரன், மூவாண்டன், நம் வெள்ளைக்கொழும்பான், தாய்லாந்தின் நாம் டாக் மாய், பிலிப்பைன்ஸின் கராபாவோ ஆகியவை இந்த இனம். இவற்றின் ஒரு கொட்டையில் ஒரு கரு இருப்பதில்லை, பல இருக்கும். ஒன்று மட்டும் மகரந்தத்தால் உண்டானது. மற்றவை, சூலுக்குள் கருவைச் சுற்றியிருக்கும் தாயின் திசுவே கிளைத்துக் கருவாக மாறியவை. அவற்றுக்குத் தகப்பன் இல்லை. தாயின் அச்சு. ஊன்றினால் ஒரு கொட்டையிலிருந்து மூன்று நான்கு தண்டுகள் எழும். பெரும்பாலும் நலிந்து, பிந்தி வருவது தகப்பன் உள்ள பிள்ளையாக இருக்கும். அதைக் கிள்ளிவிட்டு வலுவானதை வளர்த்தால் தாயின் பழமே கிடைக்கும். மல்கோவா, பங்கனபள்ளி, நீலம், அல்போன்சா போன்ற நம் புகழ்பெற்ற வகைகள் ஒற்றைக் கரு உடையவை. அதனால்தான் அவற்றை ஒட்டுக் கட்டியே பெருக்குகிறோம். மங்குஸ்தானோ இதில் கடைசி எல்லைக்கே போய்விட்டது. மகரந்தமே இல்லாமல் தாய்த் திசுவிலிருந்து விதை உண்டாக்குகிறது. கல்லாறு, பர்லியார் அரசுப் பண்ணைகளில் வாங்கிய மங்குஸ்தானின் கொட்டையை ஈரம் காயாமல் ஊன்றினால், அந்தப் பண்ணை மரத்தின் நகலே முளைக்கும். ஆனால் பத்து ஆண்டு பொறுக்க வேண்டும், குளிர்ந்த நிழலும் ஈரக்காற்றும் வேண்டும். சென்னை மொட்டை மாடிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

காத்திருக்கும் காலம் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொட்டைக்கன்று மா காய்க்க ஆறேழு ஆண்டு, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டில் காய்க்கிறது. மரத்தின் வயது வேரில் இல்லை, கிளையின் நுனியில் இருக்கிறது என்பதே காரணம். விதையில் பிறந்த தண்டு, எவ்வளவு உரம் போட்டாலும், ஒரு பிள்ளைப் பருவத்தைக் கடந்தே பூக்கும். காய்த்த மரத்தின் கிளை அந்தப் பருவத்தைக் கடந்துவிட்டது. அதை வெட்டி எந்த இளங்கன்றில் ஒட்டினாலும் அது தன் முதிர்ச்சியை மறப்பதில்லை. கொட்டை போட்டு வந்த எலுமிச்சையில் விரல் நீள முட்கள் இருப்பதும் ஒட்டுச்செடியில் அவை குறைவதும் இதே கணக்குத்தான்.

ஆகவே கொட்டைக்கன்றை வீணென்று எறிய வேண்டாம். பென்சில் தடிமன் வந்ததும் அதுவே வேர்ச்செடி. தெரிந்தவர் தோட்டத்தில் நல்ல மரத்தில் ஒரு நுனிக்கிளையின் இலைகளை மட்டும் காம்பு விட்டுக் கிள்ளி, ஒரு வாரம் பத்து நாள் அப்படியே விட்டால் நுனி மொட்டு தடிக்கும். அப்போது அதை வெட்டி வந்து, ஆப்புபோலச் சீவி, கன்றின் பிளந்த தண்டில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்டினால் இளந்தண்டு ஒட்டு ஆயிற்று. பட்டைக்கு உள்ளே உள்ள பச்சைப் படலங்கள் இரண்டும் ஒரு பக்கமாவது நேருக்கு நேர் தொட வேண்டும், அதில்தான் சூட்சுமம்.

இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்குப் பப்பாளி இருக்கிறது, ஓர் ஆண்டுக்குள் பழம் தரும். அதன் விதையைச் சுற்றி வழவழப்பான ஒரு பை உண்டு. அதில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன, பழத்துக்குள் முளைத்துவிடாமல் இருக்க. அம்மா பப்பாளி விதையையும் சாம்பலில் போட்டுத்தான் தேய்ப்பாள். அந்தப் பை உரிவது அதில்தான் என்று இப்போது புரிகிறது. மாங்கொட்டையைக் கொன்ற அதே முறை பப்பாளிக்குப் பொருத்தமாக இருந்திருக்கிறது.

பப்பாளியில் சிக்கல் வேறு. ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியாக உள்ள வகையில், கோயம்புத்தூர் கோ-2 போல, ஆணும் பெண்ணும் சரிபாதி. ஒரு குழியில் ஒரு கன்று வைத்தால் பாதி வாய்ப்பு வீண். மூன்று வைத்தால் மூன்றும் ஆணாகப் போவதற்கு எட்டில் ஒரு வாய்ப்பே உண்டு. குழிக்கு மூன்று நான்கு கன்று வைக்கும் வழக்கத்தின் கணக்கு இது. நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும் பூ ஆண், தண்டை ஒட்டித் தனியாக இருப்பது பெண். பார்த்துவிட்டுப் பெண்ணை நிறுத்தி, மகரந்தத்துக்கு எங்காவது ஓர் ஆணை விட்டு வைக்க வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. கடையில் கிடைக்கும் நீண்ட வடிவப் பப்பாளி இருபால் மரத்துக் காய். அது தன் மகரந்தத்தாலேயே சூல்கொண்டிருந்தால், அதன் விதைகளில் மூன்றில் இரண்டு பங்கு இருபால் மரமாகவும் ஒரு பங்கு பெண்ணாகவும் வரும், ஆணே வராது. கோ-3, கோ-7 வகைகள் இப்படி. மகரந்தம் தரும் குரோமோசோம் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்த கருக்கள் விதைக்குள்ளேயே மடிந்துவிடுவதால்தான், நான்கு பங்குக் கணக்கு மூன்றாகிறது.

போன ஆனியில் நாகர்கோவில் சந்தையில் மூவாண்டன் வாங்கினேன். பேருந்திலேயே ஒரு கொட்டையை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்து, அன்றிரவே ஓடு பிளந்து ஊன்றினேன். பதினேழாம் நாள் இரண்டு தண்டுகள் வந்தன. நான்கு நாள் கழித்து மூன்றாவதாக ஒன்று, குச்சிபோல மெலிந்து வந்தது. இலை கெட்டியானதும் மூன்றிலும் ஒவ்வோர் இலை நுனியைக் கசக்கி முகர்ந்தேன். மாவில் இலை வாசம் வகைக்கு வகை மாறும். முதல் இரண்டும் ஒரே வாசம், மாங்காய்ப் பால் நெடியோடு. மூன்றாவதில் அந்த நெடி இல்லை, ஏதோ பச்சைக் கொத்தமல்லியை நினைவூட்டும் வேறொரு வாசம். அதைக் கிள்ளாமல், வேர் அறாமல் பிரித்துத் தனித் தொட்டியில் வைத்திருக்கிறேன். இன்று காலை அதில் புதிதாக ஒரு கொத்து இலை விட்டிருக்கிறது, செம்புச் சிவப்பாகத் துவண்டு தொங்குகிறது.